ஃபென்டனில் பேட்ச்சும் மரத்துப்போகும் விரல்களும்

நாட்பட்ட கடும் வலிக்கு மருத்துவர் ஃபென்டனில் பேட்ச் (ஃபென்டனில் என்னும் வீரியமிக்க வலிநிவாரணி அடங்கிய, தோலில் ஒட்டும் பட்டை) எழுதிக் கொடுத்திருந்தால், அது ஒட்டியவுடன் வலியைத் தணிக்காது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மருந்து தோலின் வழியாக மெல்ல இறங்கிப் பலன் தர 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம்; அதற்குள் பொறுமையிழந்து இன்னொன்றையும் ஒட்டிக்கொண்டால் மூச்சே அடங்கிவிடக்கூடும்.

வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, பழையதை எடுத்துவிட்டு, மார்பின் மேற்பகுதியிலோ மேற்கையிலோ வேறோர் இடத்தை வெறும் தண்ணீரால் கழுவி, நன்றாக உலரவிட்டு, புதியதை ஒட்டி, உள்ளங்கையால் 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. வலி என்றாலே ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்: சூடு பட்டால் மருந்து அளவுக்கு மீறி உடலுக்குள் செல்லும். காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அளவுக்கு மீறிய தூக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் கண்டால், பேட்ச்சை அகற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கை மரத்திருப்பவருக்கு உறையைப் பிரிப்பதே பெரும்பாடு. பேட்ச் விரல் நுனியில் ஒட்டியிருப்பதுகூட உணர்வுக்கு எட்டாது. ஆகவே நல்ல வெளிச்சத்தில், கண்ணால் பார்த்தபடி, இயன்றால் வீட்டாரின் துணையோடு செய்யுங்கள். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்து உறக்கத்தைக் கலைத்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது காரணமாக இருக்கலாம். மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் அணிவது பலருக்கு உதவுகிறது. குளிக்கும் நீரின் சூட்டை, உணர்வுள்ள முழங்கையால் பாருங்கள். திடீரென ஒரு பக்கக் கை மரத்து, பேச்சும் குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.