குக்கரில எலுமிச்சைப் புல் எண்ணெய் எடுக்கிற முறை

தடிமன் வந்தா அம்மா நொச்சி இலை அவிச்சு வேது பிடிக்க விடுவா, போர்வைக்குள்ள மூக்கில ஏறுற அந்த வாசம்தான் எண்ணெய், ஆவியோட சேர்ந்து மேல வருது. அதைக் குளிர வச்சுப் பிடிச்சா போத்தில்ல எண்ணெய்.

லாப்ல வேற முறை ஒண்டும் இருக்கு. தண்ணிய அமுக்கத்தில வச்சு 150 பாகை செல்சியஸ் வரைக்கும் சூடாக்குவினம், அமுக்கம் இருக்கிறதால கொதிக்காமல் தண்ணியாவே நிக்கும், அந்தச் சூட்டில அது எண்ணெயைக் கரைச்செடுக்கும். அதுக்குத் தடிச்ச உருக்குப் பாத்திரமும் பம்பும் வேணும். வீட்டில தயவுசெய்து முயற்சிக்க வேண்டாம், குக்கர் வாயை அடைச்சுப் பாக்கவே கூடாது, வெடிச்சிடும். நாங்கள் செய்யப்போறது அமுக்கமில்லாத ஆவி முறை.

முதல்ல அரைக் கிலோ எலுமிச்சைப் புல்லை அறுத்து ஒரு நாள் நிழல்ல வாட விடுங்கோ, வன்னி வெயில்ல போட்டா வாசம் பறந்திடும். பிறகு புல்லை ஒரு அங்குலத் துண்டுகளா வெட்டுங்கோ.

5 லீட்டர் குக்கரில ஒரு லீட்டர் தண்ணி விட்டு, தண்ணி தொடாத மாதிரித் தட்டு வச்சு அதுக்கு மேல புல்லைப் போடுங்கோ. வாய் வரைக்கும் அடைய வேண்டாம், ஆவி போற ஓட்டையில இலை சிக்கினா ஆபத்து. எங்கட கிணத்துத் தண்ணி உவர்தான், பரவாயில்லை, உப்பு ஆவியோட வராது, குக்கர் அடியில வெள்ளையாப் படியும்.

விசில் வெயிட்டைக் கழட்டிட்டு அந்த மூக்கில சூடு தாங்குற சிலிக்கன் குழாயை மாட்டி, மற்றப் பக்கத்தில செப்புக் குழாய்ச் சுருளை இணையுங்கோ, பிரிட்ஜ் திருத்துற கடையில கேட்டா கிடைக்கும். சுருள் வாளித் தண்ணிக்குள்ள இருக்கவேணும். இந்த வாளியிலதான் கனபேர் பிழை விடுறது. மத்தியானம் செய்தா வாளித் தண்ணி கெதியாச் சூடேறி ஆவி குளிராமலே வெளிய போயிடும், அதால விடியவே தொடங்குங்கோ, மீன் கடையில ஐஸ் வாங்கிப் போட்டா இன்னும் நல்லம்.

மெல்லிய நெருப்பில ஒரு மணித்தியாலம். தண்ணி வத்த விடாதேங்கோ. வாய் ஒடுங்கின போத்தில்ல சேருற தண்ணிக்கு மேல மஞ்சளா மிதக்கிறது எண்ணெய், ஊசி போடுற சிரிஞ்சால உறிஞ்சி எடுங்கோ. ஒண்டு ரெண்டு மில்லிலீட்டர்தான் வரும், குறைஞ்சு போச்செண்டு கவலைப்படாதேங்கோ, புல்லில இருக்கிறதே அவ்வளவுதான். கராம்பில எடுத்தா எண்ணெய் கீழ தாழும், பாரம் கூட.

நிறக் கண்ணாடிப் போத்தில்ல வையுங்கோ. தோலில நேர பூசினா எரியும், ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு ரெண்டு துளி போதும். மிஞ்சின வாசத் தண்ணியால வீடு துடைக்கலாம்.