உந்துதலுக்குக் காத்திருப்பதும் பிறர் பழக்கத்தை நகலெடுப்பதும்: புனைகதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புனைகதை எழுதுபவரிடம் வாசகர்கள் கேட்கும் கேள்விகளில் இரண்டு ஒருபோதும் மாறுவதில்லை: கதை எங்கிருந்து கிடைக்கிறது, எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள். கேட்பவர்களில் பலர் தாங்களும் எழுத விரும்புகிறவர்கள் என்பதால், கிடைத்த பதிலை அப்படியே செய்துபார்க்கிறார்கள். சில வாரங்களில் அது கைகூடாமல் போகும்போது தமக்கு எழுத்து வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை அவர்களுடைய திறமையில் இருப்பதில்லை. ஒருவருடைய பழக்கம் எந்த நெருக்கடிக்குத் தீர்வாக உருவானது என்பதைக் கவனிக்காமல், அதன் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டதே காரணம்.

அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் பொழுது விடியும் முன்பே எழுதுவார் என்பது பலர் அறிந்த செய்தி. அந்த வழக்கம் தொடங்கிய காலத்தில் அவர் சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். காலை ஐந்து மணி வாக்கில் அவர்கள் விழித்து ‘அம்மா’ என்று கூப்பிடுவதற்கு முன் கிடைத்த நேரம்தான் அவருக்கென்று இருந்த நேரம். இரவுப் பணி முடித்துத் திரும்புகிற ஒருவர் அவரைப் பார்த்து நான்கு மணிக்கு அலாரம் வைத்தால், தூக்கம் கெடுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. தன் நாளில் யாரும் அழைக்காத இடைவெளி எங்கே இருக்கிறது என்று மாரிசன் தேடிக் கண்டுகொண்டாரே, அந்தத் தேடலைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரலப்பின் வழக்கம். 47 நாவல்கள் எழுதிய அவர், அவற்றில் பலவற்றை அஞ்சல் துறை வேலையில் இருந்தபடியே முடித்தார். காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று தனக்கு அளவு வகுத்திருந்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இந்தக் கணக்கைப் படித்தபோது இலக்கியவாதிகள் சிலர் முகம் சுளித்தார்கள். இன்று எழுத்துப் பயிற்சி தருபவர்கள் அதே கணக்கைக் கொண்டாடுகிறார்கள். இரு தரப்பும் தாண்டிச் செல்லும் ஒரு விவரம் அதே நூலில் இருக்கிறது. நாள்தோறும் எழுத ஒதுக்கிய மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி நேரம் அவர் புதிதாக எதுவும் எழுதுவதில்லை. முந்தைய நாள் எழுதியதை வாசித்து, சொற்களின் ஓசையைக் காதால் எடைபோடுவார். சொல் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இந்த அரை மணி நேரத்தை விட்டுவிடுபவரின் கைப்பிரதியில் அதன் விளைவு அப்பட்டமாகத் தெரியும்: முதல் அத்தியாயத்தில் இரண்டு சொற்களில் பதில் சொன்ன கதைமாந்தர் ஐந்தாம் அத்தியாயத்தில் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கியிருப்பார், அவருக்கு என்ன ஆயிற்று என்பது எழுதியவருக்கே தெரியாது.

சடங்குகளைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் மேசை இழுப்பறையில் அழுகிய ஆப்பிள்களை வைத்திருந்ததாகவும், அந்த வாசனை இல்லாமல் அவரால் வேலை செய்ய முடியாது என்று அவர் மனைவி சொன்னதாகவும் அவருடைய நண்பரான கவிஞர் கதே கூறியிருக்கிறார். படிக்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட பேனா, குறிப்பிட்ட இசை, குறிப்பிட்ட நாற்காலி இருந்தால்தான் எழுத வரும் என்று பழகிவிட்டவர், அவற்றில் ஒன்று இல்லாத ஒவ்வொரு நாளும் எழுதாமலிருக்கத் தனக்குத் தானே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துக்கொள்கிறார்.

உந்துதல் முதலில் வரும், எழுத்து பின்னால் வரும் என்று நம்புவது இவற்றையெல்லாம் விடப் பழைய தவறு. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் ஜெகிலும் ஹைடும் வரும் கதையைக் கனவில் கண்டார் என்று சொல்லப்படுவதைக் கேட்டுத் தலையணைக்கு அருகே குறிப்பேடு வைத்தவர்கள் ஏராளம். 1888-இல் எழுதிய கட்டுரையில் அவரே சொல்வது வேறு. மனிதனுக்குள் இருக்கும் இரட்டைத்தன்மையைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டும் என்று அவர் நெடுநாளாக முயன்றுகொண்டிருந்தார். பணமுடை நெருக்க, இரண்டு நாள் மூளையைக் கசக்கிக்கொண்டு அலைந்தார். இரண்டாம் இரவில்தான் கனவு வந்தது. அதுவும் சில காட்சிகளைத்தான் தந்தது, மீதியை விழித்திருந்தபோது தெரிந்தே செய்ததாக அவர் எழுதியிருக்கிறார். கேள்வியைச் சுமந்துகொண்டு தூங்கியவருக்குப் பதில் வந்ததில் வியப்பில்லை. ஒரே இரவில் எழுதி முடிப்பதைப் பற்றிய மயக்கமும் இதே வகைதான். 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்த எழுத்தாளர் காஃப்கா மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு சிறுகதையை முடித்துவிட்டு எழுந்தார். எழுதுவதென்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நாட்குறிப்பில் குறித்தும் வைத்தார். அதே காஃப்கா தொடங்கிய மூன்று நாவல்களும் முடிவுறாமலே நின்றன. அந்த இரவை அளவுகோலாக வைத்ததுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சிறுகதை தாங்கும் மூச்சை நாவலிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பது மட்டும் உறுதி.

அடுத்தது குறிப்பேடு. எல்லோரும் வைத்திருக்கிறார்கள், கைப்பேசியிலாவது. ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்தால் அதில் பயன்படக் கூடியதாக எதுவும் இருப்பதில்லை, ஏனென்றால் பார்த்ததைக் குறிக்காமல், பார்த்ததைப் பற்றிய தம் முடிவைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ‘மருத்துவமனைக் காத்திருப்பு அறை, முதுமை, தனிமை’ என்று ஒருவர் எழுதுகிறார். அதே இடத்தில் அதே நேரத்தில் இருந்த இன்னொருவர் இப்படி எழுதுகிறார்: ‘பெரியவர் மருந்துச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எடுத்தார். படிக்கவில்லை, மடிப்பை மட்டும் நகத்தால் இன்னொரு முறை அழுத்திவிட்டுத் திரும்ப வைத்தார். மூன்றாவது தடவை.’ முதல் குறிப்பு ஏற்கெனவே முடிந்துபோனது, அதிலிருந்து கட்டுரைதான் எழுதலாம். இரண்டாவதில் அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது, யாருக்கு அதைக் காட்டப் போகிறார், காட்டாமலே விடுவாரா என்று கேள்விகள் தாமாகக் கிளைக்கின்றன. குறிப்பில் ‘சோகம்’, ‘அன்பு’, ‘தனிமை’ போன்ற சொற்கள் தலைகாட்டினால், அவற்றை அடித்துவிட்டு, அப்படி நினைக்க வைத்தது எது என்று எழுதிவைப்பது நல்லது.

கண்ணால் கண்டதற்கு இத்தனை மதிப்புக் கொடுத்தபின், அதற்கு நேர் எதிரான தவறையும் சொல்ல வேண்டும். நடந்ததை முழுவதுமாகத் தெரிந்துகொண்டு, முழுவதுமாகக் கதைக்குள் கொண்டுவருவதே அந்தத் தவறு. 1893 டிசம்பரில் ஒரு விருந்தில் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் அருகே அமர்ந்திருந்த பெண்மணி, வீட்டிலுள்ள அருமையான தட்டுமுட்டுப் பொருள்களுக்காகத் தாயும் மகனும் பகைத்துக்கொண்ட செய்தியைச் சில சொற்களில் சொன்னார். கரு கிடைத்துவிட்டது என்று ஜேம்ஸுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்மணி மேலும் விவரிக்கத் தொடங்கியபோது, வாழ்க்கை தன் வழக்கமான தடுமாற்றத்தோடு நல்ல கருவைக் கெடுப்பதைப் பார்ப்பது போலிருந்தது என்று அந்தக் கருவைக் கொண்டு எழுதிய நாவலின் முன்னுரையில் ஜேம்ஸ் பின்னாளில் எழுதினார். ‘உண்மையில் அப்படித்தான் நடந்தது’ என்பது, நம்ப முடியவில்லை என்று சொல்லும் வாசகருக்குப் பதிலாகாது. தெரிந்தவர் ஒருவரை அப்படியே தூக்கி வைக்கும்போது அவரைப் பற்றிய நம் கோபமோ பரிவோ கூடவே வந்து கதையின் போக்கைக் கையில் எடுத்துக்கொள்ளும். அவருடைய ஒரு சைகையையோ அச்சத்தையோ மட்டும் எடுத்துக்கொண்டு, வயதையும் தொழிலையும் மாற்றிவிட்டால், அடுத்து என்ன செய்வார் என்று எழுதுபவருக்கே தெரியாத ஓர் ஆள் கிடைப்பார்.

எழுதும் முன்பே கதையை நண்பர்களிடம் சொல்லித் தீர்ப்பதும் இத்துடன் சேர்த்தி. அவர்கள் கண்கள் விரிந்ததும் கதை சொன்ன நிறைவு கிடைத்துவிடுகிறது. பிறகு உட்கார்ந்து எழுதுவது பழைய செய்தியைத் திரும்பப் பதிவது போலாகிவிடும்.

கடைசியாக, நாளின் வேலையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைப் பலரும் யோசிப்பதே இல்லை. மனதில் இருப்பது வற்றும்வரை எழுதிவிட்டு எழுந்தால் மறுநாள் வெற்றுப் பக்கம்தான் எதிரே நிற்கும். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடுவார். கதவு தட்டப்படுகிறது, திறப்பவள் எதிரே யாரைக் காண்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும் என்றால், தாழ்ப்பாளில் அவள் கையை வைத்துவிட்டு எழுந்துவிடலாம்.