காசநோய்க் கிருமிக்குப் பாடபேதம் பார்ப்பது எப்படி?

உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசு கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தது 1880 முதல் 1903 வரை. அந்த நாட்களில் அவர் ஒரே நூலின் பல ஏட்டுச் சுவடிகளை அருகருகே வைத்துப் பாடபேதம், அதாவது எழுத்துக்கு எழுத்து எங்கே மாறுகிறது என்று, பார்த்தார். ஒரு சுவடியில் விழுந்த பிழை, அதைப் பார்த்து எழுதிய சுவடிகளிலும் தொடரும். காசநோய் யார் யாருக்கிடையே பரவியிருக்கலாம் என்று பார்க்க நாமும் இதையேதான் செய்யப்போகிறோம். கிருமியின் மரபணுத்தொகுதி சுமார் 44 லட்சம் எழுத்து நீளமுள்ள சுவடி. அதில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஓர் எழுத்து மாறினாலே அதிகம்.

படி 1: தரவு. சளி மாதிரியை எடுத்துக் கல்லூரி ஆய்வகத்தில் வளர்க்க நினைக்காதீர்கள். காற்றில் பரவும் கிருமி இது. அதை வளர்க்கத் தனிப் பாதுகாப்புள்ள ஆய்வகம் வேண்டும். நமக்கு ஐரோப்பிய நியூக்ளியோடைடு காப்பகம் என்ற இணையத் தரவுக் கிடங்கு போதும், இலவசம். ஒரே ஆய்வைச் சேர்ந்த பத்து மாதிரிகளின் பாஸ்ட்க்யூ கோப்புகளை இறக்குங்கள். மரபணுத்தொகுதியைச் சிறு துண்டுகளாகப் படித்த எழுத்துகள் அவற்றில் இருக்கும். ஒரு மாதிரிக்குப் பெரும்பாலும் இரண்டு கோப்பு இருக்கும். லினக்ஸும், மென்பொருள்களை நிறுவித்தரும் கோண்டாவும் உள்ள சாதாரண லேப்டாப்பில் வேலை ஓடும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

படி 2: தரம். கோப்புகளின் தரம் பார்க்கும் பாஸ்ட்க்யூசி மென்பொருளில் ஓட்டுங்கள். ஏ, சி, ஜி, டி என்ற நான்கு மரபணு எழுத்துகளில் ஜி, சி இரண்டின் பங்கு 65 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். படத்தில் வேறு இடத்தில் இன்னொரு மேடு தெரிந்தால், வேறு ஏதோ டிஎன்ஏ கலந்திருக்கலாம். அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: வம்சம். காசநோய்க் கிருமிகள் சில பெரிய வம்சங்களாகப் பிரிந்திருக்கின்றன. டிபி-ப்ரொபைலர் என்ற மென்பொருள் கிருமியின் வம்ச எண்ணைச் சொல்லும். ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் போன்ற மருந்துகளுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதையும் சொல்லும். தென்னிந்தியாவில் வம்சம் 1 மிகப் பரவலானது, பழமையானது. அதனால் இரண்டு பேருக்கும் 1 என்று வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். காவிரிக்கரையில் இரண்டு பேர் நெல் விதைத்திருக்கிறார்கள் என்பதுபோலத்தான் அது. பழைய கைரேகை முறையும் நம் பக்கம் இதனால்தான் தடுமாறியது. ஐஎஸ்6110 என்ற துண்டு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது அந்த முறை. இங்குள்ள பல கிருமிகளில் அது ஒன்றுதான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது?

படி 4: ஒப்பீடு. ஸ்னிப்பி என்ற மென்பொருளில் ஒவ்வொரு மாதிரியையும் எச்37ஆர்வி என்ற ஆய்வகக் கிருமியின் பிரதியோடு ஒப்பிடுங்கள். இந்தப் பிரதியின் முழு வரிசை 1998இல் வெளியானது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பிஇ, பிபிஇ என்ற மரபணுக் குடும்பங்கள் தொகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதால், சிறு துண்டுகள் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்னிப்பி-கோர் கொண்டு எல்லா மாதிரிகளையும் ஒன்றுசேர்க்கும்போது, இந்தப் பகுதிகளை மறைக்கும் கோப்பைக் கட்டாயம் கொடுங்கள். நான் முதல் முறை மறந்துவிட்டு, இல்லாத வித்தியாசங்களை எண்ணிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தேன்.

படி 5: தூரம். எஸ்என்பி-டிஸ்ட்ஸ் என்ற மென்பொருள், எந்த இரண்டு மாதிரிக்கு இடையே எத்தனை எழுத்து வித்தியாசம் என்று அட்டவணை தரும். 5 அல்லது அதற்குக் கீழே என்றால் அண்மைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். 12க்கு மேல் என்றால் அண்மையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு. நடுவில் வந்தால் விசாரிக்கத்தான் வேண்டும்.

படி 6: மரம். மாதிரிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்த வம்சாவளி மரத்தை ஐக்யூ-ட்ரீ என்ற மென்பொருள் வரைந்துவிடும். கல்லணையில் பிரியும் ஆறுகளைப் பார்ப்பதுபோல, எந்தக் கிளை எங்கே பிரிந்தது என்று பாருங்கள்.

சரி, இதை எப்படிப் படிப்பது? மன்னார்குடியில் ஒருவருக்கும் திருத்துறைப்பூண்டியில் ஒருவருக்கும் வித்தியாசம் 2 என்று வைத்துக்கொள்வோம். இவர்தான் அவருக்குக் கொடுத்தார் என்று சொல்ல முடியுமா? முடியாது. இருவருக்கும் கொடுத்த மூன்றாமவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கலாம், அவர் மாதிரி நம் கையில் இல்லாமல் இருக்கலாம். கிருமி உடம்பில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்துவிட்டும் எழும். அதனால் முதலில் இருமியவர்தான் முதலில் வாங்கியவர் என்பதும் நிச்சயமில்லை. வித்தியாசம் 80 என்று வந்தால் மட்டும் தைரியமாகச் சொல்லலாம், இவர்களுக்குள் தொடர்பில்லை என்று. பக்கத்து வீட்டாரைச் சந்தேகித்துப் பேச்சுவார்த்தை நின்றுபோன தெருக்களில் அந்த ஒரு பதிலுக்கே மதிப்பு உண்டு.

மாதிரி எடுத்த தேதி, ஊர், யார் யாரோடு பழகினார் என்ற விவரங்கள் இருந்தால்தான் மேலே போக முடியும். பொதுத் தரவில் பெரும்பாலும் அவை இருக்காது. ஆகவே பயிற்சிப் படத்தில் நெருங்கிய மாதிரிகளைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அம்புக்குறி போடாதீர்கள்.