பழைய கம்ப்யூட்டரில் ஆபீஸ் ஃபைல் சர்வர்: ஓப்பன்மீடியாவால்ட் போட்டு பேக்கப் வரைக்கும்

திருப்பூர்ப் பக்கம் பத்திருபது பேர் வேலை பார்க்கிற எந்த கார்மென்ட் ஆபீஸுக்குப் போனாலும் இதே கதைதான். ஒரு ஸ்டைலுடைய டெக் பேக் (அளவு, தையல் விவரம் எல்லாம் உள்ள ஃபைல்) மெர்சண்டைசர் கம்ப்யூட்டரில் ஒன்று, பேட்டர்ன் மாஸ்டரிடம் ஒன்று, வாட்ஸ்அப்பில் நாலு என்று கிடக்கும், கடைசியாகத் திருத்தியது எதுவென்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஒரு ஃபைல் சர்வர், அதாவது எல்லா ஃபைலையும் ஒரே இடத்தில் வைத்து எல்லோருக்கும் கொடுக்கிற கம்ப்யூட்டர், போதுங்க. மூலையில் சும்மா கிடக்கிற பழைய ஐ3 டெஸ்க்டாப், 4 ஜிபி ராம், ஜிகாபிட் லேன் போர்ட் இருந்தால் தாராளம். இந்த வேலைக்கு ட்ரூநாஸ் நல்ல மென்பொருள்தான், ஆனால் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும். அதனால் பழைய மெஷினுக்கு நான் ஓப்பன்மீடியாவால்ட்தான் போடுவேன். டெபியன் லினக்ஸ் மேல் கட்டியது, இலவசம், எல்லா வேலையும் பிரவுசரிலேயே முடிந்துவிடும்.

டிஸ்க் மூன்று வேண்டும். ஓஎஸ்ஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, டேட்டாவுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், பேக்கப்புக்கு இன்னொன்று. ஓஎஸ் போடுகிற டிஸ்கை இன்ஸ்டாலர் முழுசாக எடுத்துக்கொள்ளும், அதில் டேட்டா வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். வாங்கும்போது சிஎம்ஆர் டிஸ்கா என்று கேட்டு வாங்குங்கள், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கி எழுதுகிற எஸ்எம்ஆர் டிஸ்க் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். மெஷினைக் கட்டிங் டேபிள், தையல் லைன் பக்கம் வைக்க வேண்டாம். பனியன் பஞ்சு ஃபேனிலும் ஹீட்சிங்கிலும் படிந்து அடைத்துவிடும், அப்புறம் சித்திரை வெயிலில் மெஷின் தானாகவே அணைந்துபோகும்.

பூட்டபிள் பென்டிரைவ் போடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை. இன்ஸ்டால் செய்யும்போது டேட்டா டிஸ்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள், தப்பான டிஸ்க் அழிய வழியே இருக்காது. முடிந்ததும் திரையில் வரும் ஐபியை இன்னொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அடியுங்கள். பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டு மென்பொருளின் பெயரேதான், எல்லாம் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். அதை உடனே மாற்றுங்கள். ரவுட்டரில் போய் இந்த மெஷினுக்கு டிஹெச்சிபி ரிசர்வேஷன் (எப்போதும் ஒரே முகவரி கொடுக்கும் செட்டிங்) போட்டு ஐபி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, மெஷினை அணைத்து, கழற்றிய கேபிள்களைத் திரும்ப மாட்டிவிட்டு, ஸ்டோரேஜில் ஃபைல் சிஸ்டம்ஸ் போய் டேட்டா டிஸ்கை இஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) ஆக ஃபார்மேட் செய்து மவுண்ட் செய்யுங்கள். 4 டிபி டிஸ்க் 3.6 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், கணக்குப் போடும் முறைதான் வேறு. ஷேர்டு ஃபோல்டர்ஸில் அக்கவுண்ட்ஸ், டிசைன், மெர்சண்டைசிங் என்று பிரிவுக்கு ஒன்றாக உருவாக்குங்கள். பிறகு சர்வீசஸில் எஸ்எம்பியை (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறை) எனேபிள் செய்து அந்த ஃபோல்டர்களை ஷேராகச் சேருங்கள். பப்ளிக் என்கிற இடத்தில் நோ. ரீசைக்கிள் பின்னை ஆன் செய்யுங்கள். எதை மாற்றினாலும் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வரும், அதில் டிக்கை அழுத்தினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். "எல்லாம் செஞ்சுட்டேங்கண்ணா, ஒண்ணும் வரல" என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பட்டையைத்தான்.

ஆளுக்கு ஒரு யூசர் உருவாக்கி, பெர்மிஷன்ஸில் யாருக்கு ரீட், யாருக்கு ரைட் என்று கொடுங்கள். பக்கத்திலேயே ஏசிஎல் என்று இன்னொரு அனுமதிப் பட்டியல் இருக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள். இரண்டிலும் கை வைத்தால் யாருக்கு எதனால் மறுக்கிறது என்று கண்டுபிடிக்கப் பாதி நாள் போய்விடும்.

சர்வர் வேலை இவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது விண்டோஸ் பக்கத்தில், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க்கைத் திறந்து சர்வர் தெரிகிறதா என்று காத்திருக்க வேண்டாம். முகவரிப் பட்டையில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு ஐபியை அடியுங்கள். பாஸ்வேர்டு கேட்கும். இங்கேதான் பலரும் விண்டோஸ் திறக்கிற பின் நம்பரைப் போடுவார்கள். அந்த நம்பர் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும், சர்வருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் லாகின் ஆன கம்ப்யூட்டர் என்றால் அந்த மெயில் ஐடியையே பயனர் பெயராக அனுப்பிப் பார்க்கும். மேப் நெட்வொர்க் டிரைவில் "கனெக்ட் யூசிங் டிஃபரன்ட் கிரெடென்ஷியல்ஸ்" என்பதை டிக் செய்து, சர்வரில் நீங்கள் உருவாக்கிய பெயரைக் கொடுங்கள்.

அடுத்த சிக்கல் இன்னும் குழப்பும். ஒரு விண்டோஸ் லாகினிலிருந்து ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் ஒரு பெயரில்தான் போக முடியும். அக்கவுண்ட்ஸ் அக்கா கம்ப்யூட்டரில் உங்கள் யூசரை வைத்து ஒரு தடவை டெஸ்ட் செய்துவிட்டு, அடுத்து அவர் பெயரில் போனால், பல இணைப்புகள் அனுமதி இல்லை என்று சொல்லித் திருப்பிவிடும். பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும். விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை அழித்துவிட்டு, சைன் அவுட் செய்து திரும்ப வாருங்கள். அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: ஐபிக்குப் பதில் சர்வர் பெயரை அடித்துப் பாருங்கள், விண்டோஸ் அதை வேறு சர்வர் என்று எடுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் தொல்லை என்று கெஸ்ட் அக்சஸ், அதாவது பாஸ்வேர்டே இல்லாத நுழைவு, திறந்துவிடுகிறவர்கள் உண்டு. விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 வந்த பிறகு அது வேலைக்கே ஆகாது. எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ ஆன் செய்யச் சொல்லும் வீடியோக்களையும் கேட்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேனுக்கு அதுதான் வேண்டும் என்றால், ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

காப்பி வேகம் வினாடிக்கு 110 எம்பி பக்கம் வர வேண்டும். 11 என்று நின்றால் கேபிளைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேண்டும், சிசிடிவி போட வந்தவர் நாலு வயரை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போயிருப்பார்.

இப்போது பேக்கப். இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் ஒன்றையே எழுதும் ரெய்டு 1 பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்கில் ஃபைல் அழிந்தால் இன்னொன்றிலும் அதே நொடியில் அழியும். அதனால் பேக்கப் டிஸ்கை ரெய்டில் கட்டாமல் தனியாக இஎக்ஸ்டி4 ஆக்கி, தேதிவாரியாகப் பழைய காப்பிகளை வைத்திருக்கும் ஆர்ஸ்னாப்ஷாட் பிளகின் போடுங்கள். பிளகின் பட்டியலில் இல்லாவிட்டால் ஓஎம்வி (ஓப்பன்மீடியாவால்ட்) எக்ஸ்ட்ராஸ் என்கிற கூடுதல் தொகுப்பைச் சேர்த்தால் வரும். தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 3 என்று வைக்கலாம். மாறாத ஃபைலுக்குப் புதுக் காப்பி எடுக்காமல் ஹார்ட் லிங்க் (அதே ஃபைலைச் சுட்டும் இன்னொரு பெயர்) மட்டும் போடுவதால் இடம் அவ்வளவாகப் போகாது. ஆனால் 2 ஜிபி போட்டோஷாப் ஃபைலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் முழு 2 ஜிபியும் புதிதாக ஏறும், டிசைன் ஃபோல்டருக்கு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பென்டிரைவ்களில் வரும் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் டிஸ்கில் ஹார்ட் லிங்க் கிடையாது, அதில் இதை ஓட்டாதீர்கள்.

இந்தப் பேக்கப் டிஸ்கை எஸ்எம்பியில் ஷேர் செய்யவே கூடாது. ரான்சம்வேர் வந்தால் விண்டோஸில் மேப் ஆகியிருக்கிற டிரைவையெல்லாம் பூட்டும், மேப் ஆகாத ஷேரையும் தேடிப் பிடிக்கிற ரகங்கள் உண்டு. ஷேரே செய்யாத டிஸ்க் விண்டோஸ் பக்கம் தெரியாது. டேலி டேட்டா இருந்தால் எல்லோரும் மூடிவிட்டுப் போன பிறகு இரவில் ஓடுகிற மாதிரி நேரம் வையுங்கள், திறந்திருக்கும்போது எடுத்த காப்பியை நம்ப முடியாது. இதற்கு மேல் ஒரு யுஎஸ்பி டிஸ்கில் யுஎஸ்பி பேக்கப் பிளகின் வழியாக வாரம் ஒரு காப்பி எடுத்து முதலாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகிற நாளும் நமக்குத் தெரிந்ததுதானே, யுபிஎஸ்ஸை யுஎஸ்பியில் கட்டி, அதன் பேட்டரியைக் கவனிக்கும் நட் (NUT) பிளகின் போட்டால் பேட்டரி தீர்வதற்குள் சர்வர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகிக்கொள்ளும்.

மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு ஃபைலைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். ஜாப் ஓடியது என்று பச்சையாகக் காட்டுவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பின்சேர்க்கை: ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், ஃபைலை அழித்தும் டிஸ்கில் இடம் கூடவில்லை என்று. ரீசைக்கிள் பின்தான் காரணம். ஷேருக்குள் மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில் எல்லாம் அப்படியே இருக்கும். ஷேர் செட்டிங்கில் ரிட்டென்ஷன் டைம் 30 நாள் என்று வைத்துவிடுங்கள், ஆர்ஸ்னாப்ஷாட்டிலும் அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.