மொபைல் லெஜண்ட்ஸ்: நமக்கு ஏற்ற அணியைத் தேர்ந்துகொள்வது எப்படி?

ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் கைப்பேசி ஆட்டமான மொபைல் லெஜண்ட்ஸில் தனி ஆளாகச் சேர்ந்தால், கூட ஆடும் நால்வரை ஆட்டமே பொறுக்கித் தந்துவிடுகிறது. அவர்கள் எந்த மொழி பேசுவார்கள், தோற்கும் நிலை வந்தால் கைப்பேசியை வைத்துவிட்டுப் போய்விடுவார்களா என்பதெல்லாம் ஆட்டம் தொடங்கிய பிறகே தெரியவரும். கீழ்நிலைகளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். எபிக் என்னும் தரநிலையிலிருந்து டிராஃப்ட் முறை வந்துவிடுவதால், எந்த நாயகர்களை (ஆட்டப் பாத்திரங்களை) தடை செய்வது, யார் முதலில் எடுப்பது, யார் கடைசி வரை காத்திருப்பது என்று ஐவரும் கலந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாதவர்களோடு இதைச் சில நொடிகளில் செய்து முடிப்பது கடினம். நிலையான அணி ஒன்றைத் தேடும் எண்ணம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் எழுகிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் அணிக்கு ஆள் கிடைப்பது பெரிய காரியமன்று. பள்ளித் தோழர்கள், ஒரே தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பவர்கள், கோயில் இளைஞர் குழுவினர் என்று எங்கு கேட்டாலும் நாலைந்து பேர் தேறிவிடுவார்கள். ஆனால் அவர்களுள் யாரோடு மாதக்கணக்கில் ஆட முடியும் என்பதை அறிய, முதலில் நேரத்தையும், அடுத்துக் குணத்தையும், பிறகு ஆடும் இடத்தையும் பார்த்து, நிலையைக் கடைசியாகப் பார்ப்பதே நல்லது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நேரத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், அங்கிருந்து செம்பனைப் பழக்குலை வெட்டப் புறப்படும் ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் விழித்திருக்க விரும்பமாட்டார். ஈப்போ, செம்மோர் பக்கத்துத் தொழிற்சாலையில் முறைமாற்றி வேலை செய்பவருக்கோ இந்த வாரம் இரவு ஓய்வாக இருக்கும், அடுத்த வாரம் அதுவே வேலை நேரமாகிவிடும். எஸ்.பி.எம். தேர்வு எழுதவிருக்கும் ஐந்தாம் படிவ மாணவர் ஆண்டின் கடைசி மாதங்களில் அணியை விட்டு ஒதுங்கத்தான் வேண்டும். இப்படிப்பட்ட மூவரை ஒரே அணியில் சேர்த்துவிட்டு, எல்லாரும் தினமும் ஒன்பது மணிக்கு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆகவே சேருவதற்கு முன்பே, வாரத்தில் எந்தெந்த இரவுகள், எத்தனை மணி வரை என்பதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். “அண்ணே, வெள்ளி சனி மட்டுந்தான் என்னால வரமுடியும்” என்று முதல் நாளே சொல்லிவிடும் தம்பியைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம்; எல்லா நாளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி ஆட்டத்தில் காணாமல் போகிறவரால்தான் அணிக்குத் தொல்லை. அப்படி விட்டுப்போகிறவரின் நன்மதிப்புப் புள்ளிகளை ஆட்டம் குறைத்துவிடும். புள்ளிகள் மிகவும் இறங்கினால் அவர் தரவரிசை ஆட்டத்தில் சேரவே முடியாது. தைப்பூசத்தின்போதும் தோட்டத்துக் கோயில் திருவிழாவின்போதும் பாதி அணி கிடைக்காது என்பதையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

ஆடும் இடங்கள் ஐந்து: எக்ஸ்பி லேன், மிட், கோல்டு லேன் என்னும் மூன்று பாதைகள், அவற்றுக்கு இடையிலுள்ள காட்டில் ஆடும் ஜங்கிள், மற்றவர்களுக்குத் துணையாகச் சுற்றிவரும் ரோம். மலேசியாவின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி 2024ஆம் ஆண்டு ரியாத்தில் நடந்த எம்.எஸ்.சி. என்னும் அனைத்துலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் பிலிப்பைன்ஸ் அணியை 4–3 என்று வென்ற ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, ஜங்கிளில் ஆடினால்தான் பெயர் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. அதே ஆட்டங்களை மீண்டும் போட்டு, ரோம் ஆடுகிறவர் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் கவனித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். டிக்ரியல், பிராங்கோ போன்ற நாயகரை எடுத்துக்கொண்டு, தங்கத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து, புதருக்குள் யார் இருக்கிறார்கள் என்று தாமே முன்னே போய்ப் பார்ப்பவர் ஒருவர் இல்லாத அணியில் மற்ற நால்வரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவர்களைப் போலத்தான். எனவே ஓர் அணி உங்களை அழைத்தால், எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதே உங்கள் முதல் கேள்வியாகட்டும். ஏற்கெனவே இரண்டு ஜங்கிள் ஆட்டக்காரர்கள் உள்ள அணிக்கு நீங்கள் மூன்றாவது ஆளாகப் போனால், எவ்வளவு திறமை இருந்தாலும் இடத்துக்காகச் சண்டையிடுவதிலேயே காலம் போய்விடும். ரோம் அல்லது மிட் ஆடத் தெரிந்தவருக்கோ பல அணிகளிலும் கதவு திறந்திருக்கும். ஒரே இடத்தில் மூன்று நாயகர்களை நன்றாக ஆடத் தெரிந்திருப்பதும் தேவை. எதிரணி இருவரைத் தடை செய்துவிட்டாலும் கையில் ஒருவர் மிஞ்சியிருப்பார்.

நிலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மித்திக் என்ற உயர்நிலைப் பட்டம் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே அதை அவர் தாமே ஆடிப் பெற்றார் என்று சொல்லிவிட முடியாது. காசு கொடுத்து ஜோக்கியிடம் (பிறருக்காக ஆடித் தருபவரிடம்) கணக்கை ஒப்படைத்து ஏறியவர்களும் இருக்கிறார்கள். ஆட்டத்தில் அவருடைய விவரப் பக்கத்தில் உள்ள அண்மைய ஆட்டங்களைத் திறந்து பாருங்கள். எத்தனை வெற்றி என்பதைக் காட்டிலும், குழுச் சண்டைகளில் அவர் எத்தனை விழுக்காடு பங்கெடுத்தார், தோற்ற ஆட்டங்களில் எத்தனை முறை மாண்டார் என்பவை அவரைத் தெளிவாகக் காட்டும்.

குணத்தை அறிய, கிளாசிக் ஆட்டத்தில் சில முறை சேர்ந்து ஆடுவதைவிடச் சிறந்த வழி இல்லை. அதில் நட்சத்திரம் பறிபோகாது என்பதால் எல்லாரும் இயல்பாக இருப்பார்கள். வெல்லும் ஆட்டத்தில் எல்லாருமே நல்லவர்கள்தாம். தோற்கும் ஆட்டத்தையே கூர்ந்து பாருங்கள். இரண்டாவது நிமிடத்தில் முதல் டர்ட்டில், அதாவது கொல்லும் அணிக்குப் பலன் தரும் ஆமை, வெளிப்படுகிறது. அது எதிரணியிடம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். “டேய், ஏன்டா அங்க போன?” என்று தொடங்கி, அடுத்த டர்ட்டில் வரும் வரைக்கும் ஒருவரையே குறை கூறிக்கொண்டிருக்கிற அணி, அந்த டர்ட்டிலையும் இழந்துவிடும். “சரி விடு, அடுத்ததுக்கு முன்னாடியே மிட்டைத் தள்ளிட்டு எல்லாரும் கீழே வாங்க” என்று ஒரு குரல் எழுகிற அணியில் நீங்கள் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். எட்டாவது நிமிடத்தில் லார்டு என்னும் பெரிய மிருகம் வந்த பிறகு கட்டளை யாரிடமிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்கிறார்கள் என்றால் நன்று. அந்த ஒருவர் தவறாகவே சொன்னாலும், ஐவரும் சேர்ந்து செய்யும் தவறைத் திருத்திக்கொள்ளலாம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்துகிற அணி எனக்கு ஒத்துவராது. உங்களுக்கும் ஒத்துவருமென்று தோன்றவில்லை. அதே சமயம், வயதில் மூத்தவர் என்பதற்காக ஓர் அண்ணனின் பிழையை யாரும் சுட்டிக்காட்டாத அணியும் வளராது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். அவசரத்தில் தமிழ் வாயில் முதலில் வருவதால் தமிழ் பேசும் ஐவர் ஒன்றாக ஆடுவது எளிதுதான், ஆனால் அதையே கட்டாயமாக்கிக்கொண்டால், பக்கத்துத் தாமானில் நன்றாக ரோம் ஆடும் மலாய் நண்பரை வீணாக இழப்பீர்கள். “பின்னால வா”, “லார்டுக்குப் போ” என்பவற்றை மலாயில் சொல்ல நம்மில் யாருக்கும் தெரியாமலில்லை.

இணையத்தைப் பொறுத்தவரை, திரையின் மேலே தெரியும் பிங் எண் பச்சையில் இருக்கிறதா, சிவப்புக்கு மாறுகிறதா என்பதை ஒவ்வொருவரும் தாம் வழக்கமாக ஆடும் இடத்திலிருந்தே சோதிக்க வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் உள்ள வீட்டில் மழை நேரத்தில் அலைவரிசை நின்று போகிறதென்றால், அந்த உறுப்பினர் பட்டணத்தில் உள்ள நண்பர் வீட்டுக்கு வர இயலுமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஜங்கிளை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

பணப் பரிசு உள்ள போட்டிகளுக்கு அணி பதிவு செய்யத் தொடங்கினால், கட்டணத்தை யார் செலுத்துவது, பரிசு கிடைத்தால் எப்படிப் பிரிப்பது, உட்கார்ந்திருந்த ஆறாவது ஆளுக்குப் பங்கு உண்டா என்பவற்றைப் பதிவுக்கு முன்னரே வாட்சப் குழுவில் எழுதி, எல்லாரும் சம்மதம் சொன்ன பிறகு அனுப்புங்கள். அணித்தலைவர் யாராக இருந்தாலும் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையோ, கைப்பேசிக்கு வரும் சரிபார்ப்பு எண்ணையோ கேட்க அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. கேட்கிறார் என்றால் அந்த அணி வேண்டாம்.