108-க்கு அழைக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பால் வாங்கிக்கொண்டு வரும்போது மயங்கி விழுந்தார். ஓடி வந்தவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், ஒருவர் சோடா வாங்க ஓடினார், இன்னொருவர் பெரியவரின் மகனுக்குப் போன் போட்டார். "108-க்குச் சொல்லியாச்சா?" என்று ஒரு அம்மா கேட்ட பிறகுதான் யாருமே சொல்லவில்லை என்பது தெரிந்தது. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நான் உட்பட எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கூட்டம் கூடுகிற இடத்தில் எல்லாம் நடக்கிற தவறு இது. "யாராவது கூப்பிடுங்க" என்று பொதுவாகக் கத்தாமல், "நீலச் சட்டை தம்பி, நீங்க 108-க்குப் போடுங்க" என்று ஒருவரைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று அழைத்தது நான்தான். "சீக்கிரம் வாங்க, ஒருத்தர் விழுந்துட்டார்" என்றேன். எங்கே என்று கேட்டார்கள். "அம்மன் கோயில் தெரு" என்றேன். எந்த ஊர் அம்மன் கோயில் தெரு? 108 அழைப்பை எடுப்பவர் நம் பேட்டையில் இருப்பவர் இல்லை. எங்கோ ஒரு கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்து பல மாவட்டங்களிலிருந்தும் வரும் அழைப்புகளை எடுக்கிறார். தமிழ்நாட்டில் புதூர், காந்தி நகர், எம்.ஜி.ஆர். நகர் இல்லாத மாவட்டம் உண்டா? அதனால் மாவட்டம், ஊர், தெரு, அப்புறம் ஓர் அடையாளம் என்ற வரிசையில் சொல்லுங்கள். ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் போல ஊரில் யாரைக் கேட்டாலும் காட்டுகிற இடமாக அது இருக்க வேண்டும். என்ன நடந்தது என்பதை அடுத்துச் சொல்லலாம். நடுவில் போன் கட்டாகிவிட்டாலும் இடம் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டால் பக்கத்துக் கடைப் பலகையைப் பாருங்கள். பெரும்பாலும் கீழே ஊர்ப் பெயர் இருக்கும். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல், கடைசியாகக் கடந்த சுங்கச்சாவடி, எந்த ஊரை நோக்கிப் போகிற பக்கம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். நடுவே தடுப்பு உள்ள சாலையில் வண்டி எதிர்ப்பக்கம் வந்துவிட்டால், திரும்புகிற இடம் வரை போய்த்தான் வர வேண்டும்.

"ஆளைக் காப்பாத்தச் சொன்னா கேள்வியா கேக்கறாங்க" என்று கோபப்பட்டுப் போனை வைத்துவிடுகிறோம். வயது என்ன, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, ரத்தம் போகிறதா என்று அவர்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆளுக்கு என்ன உதவி தேவை என்பது அதை வைத்துத்தான் தெரியும். அவர்களாக முடிக்கும்வரை வைக்காதீர்கள். பிறகு அந்தப் போனில் ஊருக்கெல்லாம் தகவல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வழி கேட்டு வண்டியிலிருந்து அழைப்பார்கள். வெளியூரில் இருந்துகொண்டு கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்காக அழைக்கிறீர்களா? பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுங்கள். ஒருவர் தெருமுனையில் போய் நிற்கட்டும், இரவென்றால் டார்ச்சோடு.

காத்திருக்கும் நேரத்தில் நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். புரையேறி மூச்சு அடைத்துக்கொள்ளும்.

சாலை விபத்தைக் கண்டும் நிறைய பேர் நிற்காமல் போவதற்குக் காரணம் போலீஸ் கேஸ் என்கிற பயம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்கு யார் பொறுப்பு என்றும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

தீயணைப்புத் துறையின் 101-ஐ நாம் தீப்பிடித்தால் மட்டுமே நினைக்கிறோம். கழிவுநீர்த் தொட்டியிலோ பாழுங்கிணற்றிலோ ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அவரைத் தூக்க மூன்றாமவர். உள்ளே இருப்பது விஷவாயு. இறங்குகிற எல்லோரையும் அது சாய்த்துவிடும். மகனைத் தேடி அப்பாவும் இறங்கிய செய்திகளைப் படிக்கும்போது மனசு ஆறுவதே இல்லை. எவ்வளவு துடித்தாலும் இறங்காதீர்கள், 101-க்கு அழையுங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் அதே எண்தான். சமையல் எரிவாயு கசிந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து, அதன் பிறகே போனை எடுத்து 1906-க்குச் சொல்லுங்கள்.

எந்த எண் என்று குழம்பினால் 112 போதும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதுவே. சாதாரணக் காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று கேட்க 104 இருக்கிறது. பிரசவம் முடிந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் விட 102, இறந்தவர் உடலைக் கொண்டுபோக 155377. இவற்றுக்கெல்லாம் 108-ஐ அழைத்தால், அந்த நேரத்தில் நெஞ்சுவலியோடு ஒருவர் வரிசையில் காத்திருக்க நேரலாம். இணைய மோசடியில் பணம் போய்விட்டால் 1930. வெட்கப்பட்டு ஒருநாள் தள்ளிப்போடாமல் உடனே அழைத்தால், பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

குழந்தை விளையாட்டாக 112-ஐ அழுத்திவிட்டால் பயந்துபோய்த் துண்டிக்காதீர்கள். தவறுதலாக வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லாவிட்டால் ஆபத்தோ என்று அவர்கள் திரும்ப அழைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெரியவர் இப்போது நலமாக இருக்கிறார். அன்று சாயங்காலமே மாவட்டம் முதல் கதவு எண் வரை எங்கள் முகவரியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, 108, 101, 112 என்று கீழே போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். யூ.கே.ஜி. படிக்கிற மகள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தே மனப்பாடம் செய்துவிட்டாள்.