ஆப்ஜெக்டிவ்-சி: இனிட்டில் விட்ட பிழை வேறெங்கோ கிராஷ் ஆகும்போது

ஆப்பிள் சாதனங்களுக்கு ஆப் எழுதப் பயன்படும் மொழியான ஆப்ஜெக்டிவ்-சியில் ஆப் விழும் (கிராஷ் ஆகும்) வரியும் பிழை இருக்கும் வரியும் பெரும்பாலும் வேறுவேறு. அதனால் கோடைத் தொடுவதற்கு முன், ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடின் பிரேக்பாயிண்ட் பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி, எக்ஸெப்ஷன் பிரேக்பாயிண்ட் ஒன்றைச் சேருங்கள். எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) எழும் இடத்திலேயே ஆப் நின்றுவிடும். அடுத்து கன்சோல் செய்தியை முழுதாகப் படியுங்கள்.

ஆட்ஆப்ஜெக்ட் மெத்தடுக்கு 'அன்ரெகக்னைஸ்டு செலக்டர்' (இந்த ஆப்ஜெக்டுக்கு அப்படியொரு மெத்தட் இல்லை) என்று வந்து, கிளாஸ் பெயர் மாற்ற முடியாத அரேக்களான என்எஸ்அரேஐ அல்லது என்எஸ்அரே0 என்றிருந்தால், ப்ராப்பர்ட்டி அறிவிப்பைப் பாருங்கள். மியூட்டபிள் அரேக்கு 'காப்பி' என்று போட்டிருப்பீர்கள். காப்பி எப்போதும் மாற்ற முடியாத அரேயைத்தான் தரும். 'ஸ்ட்ராங்' என்று மாற்றினால் தீர்ந்தது.

செய்தியே இல்லாமல் பேட் ஆக்சஸ் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் வரும் கிராஷ்) வந்து, ஸ்டாக்கில் (அழைக்கப்பட்ட மெத்தடுகளின் பட்டியலில்) இரண்டு மெத்தடுகளே ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்பத் தெரிந்தால், இனிட்டுகள், அதாவது புதிய ஆப்ஜெக்டைத் தயார்செய்யும் மெத்தடுகள், ஒன்றையொன்று அழைத்துக்கொண்டிருக்கின்றன. இனிட்வித்நேம் செல்ஃபின் இனிட்டை அழைக்கும். அந்த இனிட் மறுபடி இனிட்வித்நேமை அழைக்கும். முதன்மையான ஒன்று மட்டும் சூப்பரை (தாய் கிளாஸின் இனிட்டை) அழைக்கட்டும். மற்றவை அதை அழைக்கட்டும். ஹெடரில் அதற்கு டெசிக்னேட்டட் இனிஷியலைசர் மேக்ரோ போட்டுவிட்டால், விதி மீறும்போது கம்பைலரே எச்சரிக்கும்.

முதன்மை இனிட்டில் எழுத வேண்டியது:

செல்ஃப் = [சூப்பர் இனிட்];

சூப்பர் வேறு ஆப்ஜெக்டையோ நில்லையோ (ஆப்ஜெக்டே இல்லை என்பதையோ) தரலாம் என்பதால்தான் இந்த ஒதுக்கீடு. செல்ஃப் நில் இல்லை என்று பார்த்த பிறகே ஐவார்களை (ஆப்ஜெக்டின் உள் மாறிகளை) நிரப்புங்கள். நில்லுக்கு மெசேஜ் போனால் ஒன்றும் ஆகாது. நில்லின் ஐவாரைத் தொட்டால் உடனே கிராஷ்.

ஆரம்பநிலையில் அதிக நேரத்தைத் தின்பது அந்த 'ஒன்றும் ஆகாது' என்பதுதான். ஆப்ஜெக்டுக்கு இடம் ஒதுக்கும் அல்லாக், அந்த மெமரியைப் பூஜ்ஜியங்களால் நிரப்பித் தருகிறது. எனவே நீங்கள் உருவாக்காத அரே நில்லாகவே இருக்கும். அதில் எதைச் சேர்த்தாலும் சத்தமில்லாமல் காணாமல் போகும், கவுண்ட் 0 என்றே வரும். பிறகு அதன் ஃபர்ஸ்ட்ஆப்ஜெக்டை ஒரு டிக்‌ஷனரி லிட்டரலில் வைக்கும்போதுதான் 'நில் ஆப்ஜெக்டைச் செருக முயற்சி' என்று ஆப் விழும். திருத்த வேண்டியது டிக்‌ஷனரியை அல்ல, இனிட்டை.

இனிட்டில் உருவாக்கியும் அரே நில்லாக இருக்கிறதா? ஸ்டோரிபோர்டிலிருந்து வரும் வியூ கன்ட்ரோலருக்கு வழக்கமாக இனிட்வித்கோடர்தான் ஓடும். சாதாரண இனிட் ஓடாது. அரேயை அங்கே உருவாக்குங்கள். வியூடிட்லோடிலும் உருவாக்கலாம், ஆனால் வியூ லோட் ஆவதற்கு முன்பே அந்த அரே தேவைப்பட்டால் அது உதவாது.